கார்மெனேர்: மெர்லோ என்ற பெயரில் வாழ்ந்த திராட்சை

நெய்தலோன் (இழையைத் தொடங்கியவர்; இழையின் தலைப்பில் முதலில் "தொலைந்த திராட்சை" என்று இருந்தது)

1994ஆம் ஆண்டு நவம்பர் 24ஆம் நாள், சிலி நாட்டின் மைப்போ பள்ளத்தாக்கில் உள்ள ஆல்தோ ஹாவெல் என்ற ஊரில், வீனியா கார்மென் நிறுவனத்தின் திராட்சைத் தோட்டத்தைப் பார்க்க ஒரு குழு வந்திருந்தது. திராட்சை வளர்ப்பும் ஒயின் தயாரிப்பும் பற்றிய மாநாடு ஒன்றுக்காக அந்நாட்டில் கூடியிருந்தவர்கள் அவர்கள். குழுவில் இருந்த ழான் மிஷெல் பூர்சிக்கோ, பிரான்சின் மோன்பெலியே நகரைச் சேர்ந்தவர். இலையையும் கொழுந்தையும் பூவையும் பார்த்தே ஒரு கொடி இன்ன வகை என்று சொல்லும் துறையில் தேர்ந்தவர். மெர்லோ என்ற திராட்சை வகை என்று சொல்லிக் காட்டப்பட்ட வரிசையில், பூத்திருந்த கொடிகளை அவர் உற்றுப் பார்த்தார். மெர்லோவின் பூவில் மகரந்தத் தாள்கள் நேராக நிற்கும். அங்கே இருந்த பூக்களிலோ அவை முறுக்கிக்கொண்டிருந்தன. இது மெர்லோ அன்று, பிரான்சின் ஒயின் பகுதியான போர்தோவில் ஒரு காலத்தில் வளர்க்கப்பட்ட கார்மெனேர் என்று அவர் சொன்னார். பின்னர் நடந்த மரபணுச் சோதனைகளும் அதையே உறுதி செய்தன.

இந்த நிகழ்ச்சியைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் இத்துடன் நிறுத்திக்கொண்டு, தொலைந்துபோன திராட்சை கிடைத்துவிட்டது என்று மகிழ்ந்து முடித்துவிடுகிறார்கள். என் ஆர்வம் அதற்குப் பிறகு நடந்ததில்தான் இருக்கிறது. ஒரு கொடிக்கு நாம் வைத்திருக்கும் பெயர், வரிசையின் தலைப்பில் நட்டிருக்கும் பலகையில் மட்டும் இருப்பதில்லை. எப்போது தண்ணீரை நிறுத்துவது, எத்தனை இலைகளைக் கிள்ளுவது, எந்த வாரத்தில் குலைகளை வெட்டுவது என்ற முடிவுகள் எல்லாம் அந்தப் பெயரைப் பார்த்தே எடுக்கப்படுகின்றன. சிலியில் ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு காலம் இந்தக் கொடியை மெர்லோவாகவே நடத்தினார்கள். மெர்லோ பழுத்தபோது இதையும் சேர்த்து வெட்டினார்கள். அப்படியானால் அந்தக் காலம் முழுவதும் அந்த நாட்டார் குடித்த மெர்லோவின் சுவையில் ஒரு பகுதி, பெயர்ப் பிழையின் சுவைதானே என்பது என் கேள்வி. கொடியைப் பற்றி நேரடியாக அறிந்தவர்கள் இதை விளக்கினால் நன்றாக இருக்கும்.

வேளிர்

நெய்தலோன் ஐயா கேட்டதற்குச் சுருக்கமான விடை ஆம் என்பதே. நான் வேளாண்மை படித்தவன். கார்மெனேர் தோட்டத்தில் வேலை செய்தவன் அல்லன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனாலும் இந்த இரண்டு வகைகளின் வேறுபாடுகள் நன்றாக ஆராயப்பட்டவை.

வெளித்தோற்றத்தில் இரண்டும் குழப்பம் தரக்கூடியவைதான். இரண்டுக்கும் நீலம் பாய்ந்த கருநிறப் பழம். குலைகளும் நடுத்தர அளவு. இரண்டுக்கும் ஒரு பெற்றோர் பொது என்பதால் இந்த ஒற்றுமையில் வியப்பில்லை. காபெர்னே பிராங்க் என்ற வகையும் மாக்தலேன் நுவார் தே ஷாராந்த் என்ற பழைய வகையும் சேர்ந்து பிறந்தது மெர்லோ. அதே காபெர்னே பிராங்க்குடன் குரோ காபெர்னே சேர்ந்து பிறந்தது கார்மெனேர். காபெர்னே சோவின்யோனும் இதே குடும்பம்தான். அது காபெர்னே பிராங்க்குக்கும் சோவின்யோன் பிளாங்க் என்ற வெள்ளை வகைக்கும் பிறந்தது என்பதைக் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1997இல் வெளியிட்டார்கள். ஆகவே ஒயின் உலகில் பெயர்பெற்ற இந்த மூன்றும் ஒரே தகப்பனுக்குப் பிறந்த மாற்றாந்தாய்ப் பிள்ளைகள் போன்றவை. எது தாய், எது தந்தை என்பது இந்த உவமைக்காக நான் எடுத்துக்கொண்ட உரிமை.

உற்றுப் பார்ப்பவருக்கு வேறுபாடு தெரியும். வசந்த காலத்தில் விரியும் கொழுந்திலையைத் திருப்பிப் பார்த்தால், மெர்லோவுக்கு அடிப்புறம் வெள்ளை மென்மயிரோடு இருக்கும். கார்மெனேருக்கு அதில் செம்மை படர்ந்திருக்கும். முற்றிய இலையில், மெர்லோவின் நடுமடல் மற்றவற்றைவிட நீண்டிருக்கும். பூவின் மகரந்தத் தாளைப் பற்றி ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்டது. இலையுதிர் காலத்தில் கார்மெனேரின் இலைகள் அடர்ந்த சிவப்பாக மாறி, தூரத்திலிருந்தே தெரியும்.

ஆனால் உழவனுக்கு இவை எல்லாவற்றையும்விட முக்கியமான வேறுபாடு பழுக்கும் காலம். கார்மெனேர் மெர்லோவைவிட மூன்று முதல் ஐந்து வாரம் பிந்திப் பழுக்கும். தென் அரைக்கோளத்தில் மெர்லோவை மார்ச் மாதத்திலோ ஏப்ரல் தொடக்கத்திலோ வெட்டிவிடலாம். கார்மெனேருக்கு ஏப்ரல் கடைசி வரை, சில இடங்களில் மே மாதம் வரைகூடக் காத்திருக்க வேண்டும். இரண்டும் ஒரே வரிசையில் கலந்து நிற்கும்போது உழவன் என்ன செய்வான்? மெர்லோவின் நாளில் வெட்டினால் கார்மெனேர் பச்சையாக இருக்கும். கார்மெனேருக்காகக் காத்திருந்தால் மெர்லோ கொடியிலேயே சுருங்கிப்போகும். அதனால் சிலியின் மெர்லோ, பிரான்சின் மெர்லோவைப் போல இல்லாமல், நிறத்தில் அடர்ந்தும் மணத்தில் பச்சை வாடையோடும் இருந்தது. வாங்குபவர்கள் அதைச் சிலி மண்ணின் குணம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

பொன்னி

இந்த இழையின் தலைப்பில் "தொலைந்த திராட்சை" என்று இருப்பதை நான் மறுக்க விரும்புகிறேன். நெய்தலோன் அவர்கள் முதல் பதிவில் அந்தச் சொல்லைக் கிண்டலாகக் குறிப்பிட்டுவிட்டு, தலைப்பில் மட்டும் அதையே வைத்திருப்பது ஏன் என்று தெரியவில்லை.

முதலாவதாக, போர்தோவில் கார்மெனேர் முற்றிலும் அழிந்துவிடவில்லை. ஆய்வு நிலையங்களின் சேகரிப்புத் தோட்டங்களில் அது இருந்தது. இல்லாவிட்டால் பூர்சிக்கோ அதை எப்படி அடையாளம் கண்டிருக்க முடியும்? அதற்கு முன் பார்த்திராத ஒன்றை ஒருவர் பூவைப் பார்த்துப் பெயர் சொல்ல முடியாது. போர்தோவின் சிவப்பு ஒயினுக்கு அனுமதிக்கப்பட்ட வகைகளின் பட்டியலிலும் அது தொடர்ந்து இருந்தது. இன்றும் போயாக் ஊரின் ஷாத்தோ கிளேர் மிலோன் தன் ஒயினில் ஏறத்தாழ ஒரு விழுக்காடு அளவுக்கு அதைச் சேர்க்கிறது.

இரண்டாவதாக, இத்தாலியின் வடகிழக்கில், வெனெத்தோ, பிரியூலி பகுதிகளில், காபெர்னே பிராங்க் என்று நடப்பட்டிருந்த கொடிகளில் பெரும்பகுதி கார்மெனேர்தான். லொம்பார்தியாவின் கா தெல் போஸ்கோ நிறுவனம் ஒரு பிரெஞ்சு நாற்றங்காலிலிருந்து காபெர்னே பிராங்க் என்று வாங்கி நட்ட கொடிகள் வேறு எதுவோ என்று ஐயப்பட்டு ஆராய்ந்து, அவை கார்மெனேர் என்பதை 1990 வாக்கிலேயே தெரிந்துகொண்டது. அதாவது சிலியில் அந்த நாள் வருவதற்கு முன்பே.

மூன்றாவதாக, சிலியின் உழவர்களும் ஒன்றும் தெரியாதவர்கள் அல்லர். தங்கள் தோட்டத்தில் இரண்டு விதமான மெர்லோ நிற்கிறது என்பது அவர்களுக்குத் தெரிந்தே இருந்தது. அதனால்தான் பிந்திப் பழுப்பதற்கு "மெர்லோ சிலேனோ", அதாவது சிலி மெர்லோ, என்று தனிப் பெயர் வைத்திருந்தார்கள். அவர்களிடம் இல்லாதது பிரெஞ்சுப் பெயர் ஒன்றுதான். கொடியை நட்டு வளர்த்துக் காத்தவர்களை விட்டுவிட்டு, ஒருநாள் வந்து பெயர் சொன்னவரை மட்டும் கதைத்தலைவனாக்குவது எனக்கு உறுத்துகிறது.

நெய்தலோன்

பொன்னி அவர்கள் சொன்ன மூன்றையும் ஏற்றுக்கொள்கிறேன். ஆனாலும் ஒரு வேறுபாட்டைக் காட்ட வேண்டும். "மெர்லோ சிலேனோ" என்ற பெயர், இது மெர்லோவின் ஓர் உள்ளூர் வடிவம் என்ற நம்பிக்கையைத்தான் காட்டுகிறது. வேறு வகை என்று தெரிந்திருந்தால் தனியாக வெட்டியிருப்பார்கள். பெரும்பாலான தோட்டங்களில் அப்படி வெட்டவில்லை. பிந்திப் பழுப்பதை ஒரு குறையாகக் கண்டார்களே தவிர, அந்தக் கொடியின் இயல்பாகக் காணவில்லை.

கொடி சிலிக்கு எப்படி வந்தது என்பதையும் இங்கே பதிவு செய்துவிடுகிறேன். 1851இல் சில்வெஸ்திரே ஒச்சகாவியா என்ற செல்வந்தர் பிரான்சிலிருந்து திராட்சைக் குச்சிகளை வரவழைத்தார். அவரைப் பின்பற்றி வேறு பல பணக்காரக் குடும்பங்களும் போர்தோ வகைகளைக் கொண்டுவந்து நட்டன. அந்தக் காலத்தில் போர்தோவின் மெதோக் பகுதித் தோட்டங்களில் பல வகைகள் கலந்தே நின்றன. குச்சிக் கட்டுகளும் கலந்தே கப்பலேறின. கலப்பு அங்கேயே தொடங்கிவிட்டது.

இந்த ஆண்டுக் கணக்கில்தான் எல்லாம் இருக்கிறது. வட அமெரிக்காவிலிருந்து வந்த பைலாக்ஸெரா என்ற வேர்ப்பூச்சி, பிரான்சின் தெற்குப் பகுதியில் 1863இல் முதலில் கவனிக்கப்பட்டது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் போர்தோவையும் எட்டியது. அசுவினி இனத்தைச் சேர்ந்த அந்தப் பூச்சி வேரை உறிஞ்சி, கொடியைச் சில ஆண்டுகளில் கொன்றுவிடும். ஒச்சகாவியாவின் குச்சிகள் அது வருவதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்பே புறப்பட்டுவிட்டன. சிலிக்கு வடக்கே அத்தகாமா பாலைவனம், கிழக்கே ஆண்டீஸ் மலை, மேற்கே பசிபிக் பெருங்கடல், தெற்கே பனி. அந்த அரண்களாலும் கடுமையான தடுப்புச் சட்டங்களாலும் பைலாக்ஸெரா அந்த நாட்டுக்குள் இன்று வரை நுழையவில்லை. அதனால் அங்கே கொடிகளை ஒட்டுக்கட்டாமல் சொந்த வேரிலேயே வளர்க்க முடிந்தது.

அகரமுதலான்

பெயரைப் பற்றிய இழையில் பெயரின் வரலாற்றை யாரும் தொடவில்லை என்பதால் எழுதுகிறேன்.

கார்மெனேர் என்பது பிரெஞ்சு மொழியின் "கார்மின்" என்ற சொல்லிலிருந்து வந்தது. அதற்கு அடர்ந்த செந்நிறம் என்று பொருள். வேளிர் குறிப்பிட்ட இலையுதிர் காலச் சிவப்பால் அந்தப் பெயர் வந்ததாகச் சிலரும், ஒயினின் நிறத்தால் வந்ததாகச் சிலரும் சொல்வார்கள். ஒயின் நிறம் எல்லாக் கருந்திராட்சைக்கும் ஏறக்குறைய பொதுவானது. தோட்டக்காரனுக்குத் தூரத்திலிருந்து அடையாளம் காட்டுவது இலை. ஆகவே நான் இலையின் பக்கம்.

இனி நம் மொழிக்காரர்களுக்குச் சுவையான செய்தி. கார்மின் என்ற சொல்லுக்குப் பின்னால் இருப்பது "கிர்மிஸ்" என்ற அரபுச் சொல். ஓக் மரத்தில் ஒட்டி வாழும் ஒரு சிறு பூச்சிக்கும், அதை உலர்த்தி அரைத்து எடுத்த சிவப்புச் சாயத்துக்கும் அது பெயர். அரபுக்கு அது பாரசீக மொழி வழியாக வந்தது. பாரசீகத்தில் "கிர்ம்" என்றால் புழு. அந்தச் சொல்லும் சமஸ்கிருதத்தின் "க்ருமி"யும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. தமிழில் நாம் அன்றாடம் சொல்லும் "கிருமி" அந்த க்ருமிதான். எனவே கார்மெனேரும் கிருமியும் தூரத்து உறவினர்கள். பூச்சியின் பெயரைத் தாங்கிய ஒரு திராட்சையை அதன் சொந்த ஊரிலிருந்து விரட்டியதும் ஒரு பூச்சிதான் என்பதை நான் வேண்டுமென்று கோத்துச் சொல்லவில்லை. அது தானாக அமைந்தது.

வீனியா கார்மென் என்ற நிறுவனப் பெயருக்கும் இதற்கும் தொடர்பில்லை. அது 1850இல் தொடங்கப்பட்டது. கார்மென் என்பது ஒரு பெண்ணின் பெயர்.

இதற்கு "கிராந்து விதூர்" என்ற பழைய பெயரும் உண்டு. கண்டுபிடிப்புக்குப் பிறகு, கார்மெனேர் என்று எழுதச் சிலியின் சட்டத்தில் இடம் இல்லாததால், அந்த நிறுவனம் முதலில் வெளியிட்ட புட்டிகளில் இந்தப் பெயரைத்தான் அச்சிட்டது. சிலி அரசு கார்மெனேரைத் தனி வகையாக ஏற்றது 1998இல். விதூர் என்பதைப் பழைய உரோமானியர் குறிப்பிட்ட "பித்துரிகா" என்ற திராட்சையோடு இணைத்து இரண்டாயிரம் ஆண்டுப் பழமை கற்பிப்பவர்கள் இருக்கிறார்கள். ஒலி ஒற்றுமை ஒன்றைத் தவிர அதற்குச் சான்று எதுவும் இல்லை. "கெட்டியான கொடி" என்று பொருள்படும் பிரெஞ்சுத் தொடரின் சுருக்கமாக அதை விளக்குபவர்களின் பேச்சே எனக்கு ஏற்புடையதாகப் படுகிறது.

வேளிர்

அகரமுதலான் ஐயாவின் உறவுமுறை விளக்கம் அருமை. ஆனால் "பூச்சி விரட்டியது" என்ற பகுதியில் ஒரு திருத்தம் வேண்டும். பைலாக்ஸெரா எல்லா வகைகளையும்தான் கொன்றது. மெர்லோவும் காபெர்னே சோவின்யோனும் அதே பூச்சிக்குப் பலியாகி, அந்தப் பூச்சியைத் தாங்கும் அமெரிக்க வேர்களில் ஒட்டுக்கட்டப்பட்டு மீண்டும் நடப்பட்டன. கார்மெனேரை மட்டும் மறுபடி நடாமல் விட்டார்கள். பூச்சி கொன்றது, திரும்ப வரவிடாமல் செய்தது உழவனின் கணக்கு.

அந்தக் கணக்கு என்ன என்றால், கார்மெனேருக்குக் காய்ப்பிடிப்பு மோசம். போர்தோவில் திராட்சை பூப்பது ஜூன் மாதத்தில். அப்போது குளிரும் தூறலும் வந்தால் பூவின் மூடி கழன்று விழாமல் ஒட்டிக்கொள்ளும், மகரந்தம் சேராது, பூவும் பிஞ்சும் உதிர்ந்து குலையில் காம்பு மட்டும் மிஞ்சும். பிரெஞ்சில் இதைக் "கூலூர்" என்பார்கள். எல்லாத் திராட்சைக்கும் இந்தத் தொல்லை உண்டு என்றாலும் கார்மெனேருக்கு மிகுதி. வீரியமான அமெரிக்க வேரில் ஒட்டுக்கட்டியபோது அது இன்னும் கூடியது. கொடி தழைத்து ஓடுவதிலேயே தன் சர்க்கரையைச் செலவிட்டு, பூங்கொத்தைப் பட்டினி போட்டது. அதோடு பிந்திப் பழுக்கும் வகை என்பதால், காய்த்த கொஞ்சமும் அக்டோபர் மழைக்கு முன்னால் பழுக்குமா என்பது ஆண்டுக்கு ஆண்டு சந்தேகம். ஒட்டுக்கட்டுவதற்கே பெரும் செலவு செய்துகொண்டிருந்தவன், நிச்சயமாகக் காய்க்கும் மெர்லோவை விட்டுவிட்டு இதை ஏன் நடுவான்?

சிலியின் நடுப்பகுதியில் மழை பெரும்பாலும் குளிர்காலத்தில் பெய்து முடிந்துவிடும். பூக்கும் நவம்பரில் வானம் வறண்டிருக்கும். பாசனத்துக்கு ஆண்டீஸ் மலைப் பனி உருகிய தண்ணீர் வரும். பிந்திப் பழுப்பதற்கு நீண்ட, மழையற்ற இலையுதிர் காலமும் உண்டு. போர்தோவில் இந்தக் கொடிக்குக் குற்றமாக இருந்தவை இரண்டும் இங்கே குற்றமாக இல்லாமல் போயின. சொந்த வேரில் நின்றது கூடுதல் நன்மை.

பினாங்கு வாசகி

இத்தாலி, சிலி என்று பேசுகிறவர்கள் சீனத்தை விட்டுவிட்டீர்கள். அங்கே "காபெர்னே கெர்னிஷ்ட்" என்ற பெயரில் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகச் சிவப்பு ஒயினுக்காக வளர்க்கப்படும் வகை ஒன்று உண்டு. அது சீனத்துக்கே உரிய தனி வகை என்று பலர் நம்பியிருந்தார்கள். மரபணுச் சோதனையில் அதுவும் கார்மெனேர் என்று தெரியவந்தது. அந்தப் பெயர், "கலப்பு" என்று பொருள்படும் ஜெர்மன் சொல்லைத் தவறாகப் படித்ததால் வந்ததாக இருக்கலாம் என்று ஒரு கருத்து உண்டு. கலந்த காபெர்னே என்று எழுதியிருந்த கட்டு ஒன்று வகைப்பெயராகவே ஆகிவிட்டது போலும்.

எங்கள் ஊருக்கும் இதில் ஒரு சிறு பங்கு இருக்கிறது. 1892இல் சீனத்தின் யாந்தாய் நகரில் சாங்யூ ஒயின் நிறுவனத்தைத் தொடங்கி, ஐரோப்பாவிலிருந்து கொடிகளை வரவழைத்தவர் சியோங் பாட் ஸே என்ற வணிகர். பினாங்கு ஜார்ஜ் டவுனில் லீத் தெருவில் நிற்கும் நீல மாளிகை அவருடையதுதான். சுற்றுலாப் பயணிகள் அதன் நீலச் சுவரைப் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள்; அந்த வீட்டுக்காரர் சீனத்துக்குத் தருவித்த கொடிகளுக்கு இடையே தப்பான பெயரோடு கார்மெனேரும் போயிருக்கிறது என்பதை அங்கே யாரும் சொல்வதில்லை.

பொன்னி

பினாங்கு வாசகி அவர்களுக்கு நன்றி. ஆக, மூன்று கண்டங்களில் மூன்று பொய்ப் பெயர்களில் இந்தக் கொடி வாழ்ந்திருக்கிறது: மெர்லோ, காபெர்னே பிராங்க், கெர்னிஷ்ட். என் வாதம் இதனால் வலுக்கிறது என்றே நினைக்கிறேன். சிலியில் வெள்ளைத் திராட்சையிலும் இதே கூத்து நடந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சோவின்யோன் பிளாங்க் என்று அங்கே விற்றதில் ஏராளமானது சோவின்யோனாஸ் என்ற வேறு வகை.

செவ்வானம்

நான் இங்கே அதிகம் எழுதாதவன். இந்த இழையைப் படித்த ஆர்வத்தில் கடையில் விலை குறைந்த கார்மெனேர் புட்டி ஒன்றை வாங்கினேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். திறந்து ஊற்றியதும் வந்த மணம், சமையலறையில் குடைமிளகாயை இரண்டாகப் பிளந்தால் வருமே, அதே மணம். பழத்தின் மணம் பின்னால் எங்கோ இருந்தது. நிறம் மட்டும் கண்ணைப் பறித்தது; கிண்ணத்தின் விளிம்பில் ஊதாவும் சிவப்பும் கலந்து மின்னியது. இது கெட்டுப்போன புட்டியா, அல்லது இந்தத் திராட்சையின் இயல்பே இதுதானா?

வேளிர்

செவ்வானம் அவர்களே, புட்டி கெடவில்லை. உங்கள் மூக்கு மிகச் சரியாகச் சொல்லியிருக்கிறது. குடைமிளகாயிலும் அந்த ஒயினிலும் இருப்பது ஒரே வேதிப்பொருள். மெத்தாக்சிபைரசின்கள் (சுருக்கமாகப் பைரசின்) என்ற குழுவைச் சேர்ந்தது அது. பச்சைப் பட்டாணியின் மணத்திலும் இக்குழுவின் இன்னொரு பொருள் இருக்கிறது. மனித மூக்கு இவற்றுக்கு அஞ்சத்தக்க அளவுக்குக் கூர்மையானது. ஒரு லிட்டர் சிவப்பு ஒயினில் ஏறத்தாழ 15 நானோகிராம் இருந்தாலே நமக்குப் புலப்பட்டுவிடும். ஒரு நானோகிராம் என்பது ஒரு கிராமில் 100 கோடியில் ஒரு பங்கு.

காபெர்னே குடும்பம் முழுவதற்கும் இந்தப் பொருள் பரம்பரைச் சொத்து. காபெர்னே சோவின்யோனிலும் உண்டு, காபெர்னே பிராங்க்கிலும் உண்டு, கார்மெனேரில்தான் மிகுதி. காம்பிலும் தோலிலும் விதையிலும் தங்கும், சதையில் குறைவு. காய் பச்சையாக இருக்கும்போது ஏறிக்கொண்டே போய், நிறம் மாறத் தொடங்கும் சமயத்தில் உச்சம் தொட்டு, பழம் முற்ற முற்றக் குறையும். பிஞ்சுப் பருவத்திலேயே குலைமீது வெயில் பட்டால் அது சேருவதே குறைவு. ஆகவே நெய்தலோன் ஐயா முதலில் கேட்ட கேள்விக்கு வேதியியல் விடை இங்கேதான் இருக்கிறது: மெர்லோவின் நாளில் வெட்டப்பட்ட கார்மெனேர், தன் பைரசினை இழந்து முடிப்பதற்கு முன்னால் வெட்டப்பட்டது.

பெயர் தெரிந்த பிறகு சிலியர்கள் செய்த வேலை எளிதானது அன்று. முதலில் மெர்லோத் தோட்டங்களில் கொடி கொடியாகப் பார்த்து அடையாளமிட்டுப் பிரித்தார்கள். பிறகு, குலைகளைச் சுற்றி இலைகளைக் கிள்ளி வெயில் விழச் செய்தார்கள். அதிலும் அளவு வேண்டும். பிற்பகல் வெயில் நேராக விழுந்தால் தோல் வெந்துவிடும் என்பதால், காலை வெயில் படும் பக்கத்தில் மட்டும் கிள்ளுவது வழக்கம். பாசனத்தைக் குறைத்தார்கள், தண்ணீர் மிகுந்தால் கொடி தழைப்பதிலேயே குறியாக இருக்கும், பைரசினும் குறையாது. ஆனால் அடியோடு காய விடவும் முடியாது. அறுவடை மே மாதம் வரை தள்ளிப் போகும்போது இலை பசுமையாக நின்றால்தான் பழம் பழுக்கும். எனவே ஈரத்தைப் பிடித்து வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கும் களிமண் கலந்த நிலம் இதற்குப் பொருத்தம். கச்சபோவால் பள்ளத்தாக்கின் பெயுமோ பகுதி இதற்குப் பெயர்போனது அதனால்தான். கொன்ச்சா இ தோரோ நிறுவனத்தின் "கார்மின் தெ பெயுமோ" அந்த மண்ணிலிருந்து வருவது. கொல்சாகுவா பள்ளத்தாக்கின் அபால்தாவும் லோஸ் லிங்கேசும் அடுத்து வருகின்றன.

நன்றாகப் பழுத்ததில் அந்தப் பச்சை மணம் பின்வாங்கி, கருநாவல் போன்ற கரும்பழ மணமும் மிளகுக் காரமும் முன்னே வரும். ஓக் பீப்பாயில் இருந்ததானால் கோக்கோவும் புகையும் சேரும். சிலருக்குச் சோயா சாறு நினைவுக்கு வரும். துவர்ப்பு, காபெர்னே சோவின்யோனைவிட மென்மையானது. வாயில் வழுவழுப்பாக இறங்கும். நிறத்தைப் பற்றி நீங்களே எழுதிவிட்டீர்கள். குறை என்று சொன்னால் புளிப்பு குறைவு. பச்சை மணம் போகும் வரை காத்திருந்தால் சர்க்கரை ஏறி, ஆல்ககால் 14 விழுக்காட்டைத் தாண்டும். இருக்கிற புளிப்பும் இறங்கும். அதனால் பலர் இதோடு காபெர்னே சோவின்யோனையோ பெத்தி வெர்தோ என்ற வகையையோ கொஞ்சம் சேர்த்து முதுகெலும்பு கொடுக்கிறார்கள். மோந்தெஸ் நிறுவனத்தின் "பர்ப்பிள் ஏஞ்சல்" ஒயினில் பெத்தி வெர்தோ சேர்வது இதற்காகவே.

அகரமுதலான்

வேளிர் பச்சை மணத்தைக் குறை என்ற தொனியிலேயே எழுதுகிறார். கண்டுபிடிப்புக்குப் பிறகு பத்துப் பதினைந்து ஆண்டுகள் சிலியில் அந்த எண்ணம்தான் ஆட்சி செய்தது. பைரசினைத் துரத்துவதற்காகவே மே மாதம் முழுக்கக் காத்திருந்து, பழக்கூழ் போல இனித்து, ஓக் மணத்தில் மூழ்கிய ஒயின்களைச் செய்தார்கள். அவற்றில் கார்மெனேர் எங்கே இருந்தது என்று கேட்கத் தோன்றும். இப்போது சிலர் சற்று முன்கூட்டியே வெட்டி, அந்தக் காரமும் மூலிகை வாசமும் மெல்லிய அளவில் நிற்கும்படி விடுகிறார்கள். மல்லித்தழையின் வாசத்தை நாம் கறியில் குறை என்று சொல்வதில்லை. அளவு மீறினால்தான் சொல்வோம்.

வேளிர்

அளவு என்ற சொல்லை ஏற்கிறேன். ஆனால் முன்கூட்டி வெட்டுவது வேறு, முற்றாமல் வெட்டுவது வேறு. இலை கிள்ளுவதையும் தண்ணீரையும் ஒழுங்காகப் பார்த்துக்கொண்ட தோட்டத்தில் ஏப்ரல் நடுவில் வெட்டினாலும் பைரசின் அடங்கியிருக்கும். செவ்வானம் வாங்கிய புட்டியில் அந்தக் கவனம் இருந்திருக்காது. பெயர் மட்டும் கார்மெனேர். வேளாண்மை இன்னும் பழைய மெர்லோ வேளாண்மைதான்.

நெய்தலோன்

வேளிர் கடைசியாக எழுதிய வரி, நான் கேட்க நினைத்துச் சரியாகக் கேட்கத் தெரியாததற்கு விடை. பலகையில் பெயர் மாறினால் போதாது என்பதை நான் யோசித்திருக்கவில்லை.

செவ்வானம்

விளக்கத்துக்கு நன்றி. கடைசியாக ஒன்று. இப்போது சிலியின் மெர்லோ என்று விற்பதில் கார்மெனேர் கலந்திருக்குமா?

வேளிர்

கலந்திருக்கலாம், அது சட்டத்துக்கு உட்பட்டதுதான். சிலிச் சட்டப்படி, புட்டியில் ஒட்டும் சீட்டில் ஒரு வகையின் பெயர் போட அந்த வகை 75 விழுக்காடு இருந்தால் போதும். ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்க வேண்டுமானால் 85 விழுக்காடு வேண்டும் என்பதால், ஏற்றுமதி செய்பவர்கள் பெரும்பாலும் அதையே பின்பற்றுகிறார்கள். பழைய தோட்டங்களில் பிரிக்காமல் விட்ட கொடிகளும் அங்கங்கே நிற்கின்றன. இன்று சிலியில் கார்மெனேர் என்றே பதிவாகியுள்ள பரப்பு ஏறத்தாழ 10,000 ஹெக்டேர்; உலகில் வேறு எந்த நாட்டிலும் அந்தப் பெயரில் இவ்வளவு இல்லை.

நெய்தலோன்

பொன்னி அவர்கள் முதலில் எழுப்பிய மறுப்பை இத்தனை பதிவுகளுக்குப் பிறகு முழுமையாக ஏற்கிறேன். இழையின் தலைப்பில் இருந்த "தொலைந்த திராட்சை" என்ற சொற்களை நீக்கி, இப்போது மேலே இருக்கும் தலைப்பை வைத்திருக்கிறேன். அவருடைய மறுப்பு எதைக் குறித்தது என்று புதிதாகப் படிப்பவர்கள் குழம்பாமல் இருப்பதற்காகவே இந்தக் குறிப்பு.